உக்காரட்டுமா?

பழனி பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாகத்தான் இருந்தது. தலை நிறைய மல்லிகையும் கையில் தடித்த நாவலுமாக நின்ற அந்த அக்கா, "உக்காரட்டுமா?" என்று கேட்டார்.

"காலியாத்தானே கெடக்கு, இதுக்கெல்லாமாக்கா கேப்பாங்க?" என்றேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவள் நான். அந்தத் தைரியத்தில் யாரையும் கேட்டு உட்கார்ந்ததில்லை.

தயங்கி உட்கார்ந்தார். "எங்கப்பாவுக்குத் தோல் பதப்படுத்துற எடத்துல வேலை. ஸ்கூல்ல நான் உக்காந்தா, நாத்தம்னு பெஞ்சே காலியாயிரும். அந்தப் பழக்கம்."

நாவலிலும் அப்படிக் கேலிக்கு ஆளான ஒருத்திதானாம். ஒருவன் அவளை நேசிக்க, எல்லாம் ஆறிவிடுகிறதாம்.

"நெசமாவே ஆறுமாக்கா?"

"எனக்கும் நல்ல மனுசந்தான் கெடச்சாரு. விரும்பித்தான் கட்டிக்கிட்டோம். ஆனா வீட்டுல அவரு பக்கத்துலயும் கேட்டுத்தான் உக்காருறேன்."

"அவரு திட்டமாட்டாரா?"

"'உக்காரு தாயி'ம்பாரு. இத்தன வருசத்துல ஒரு தடவகூட சலிச்சுக்கிட்டதில்ல."

ஒட்டன்சத்திரத்தில் அவர் இறங்கினார். அங்கே ஏறிய ஒரு பெண் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் அந்த சீட்டில் உட்கார்ந்தாள்.

பழனி வரும்வரை அந்த "உக்காரட்டுமா" என் காதிலேயே நின்றுகொண்டிருந்தது. அதற்கு நான் இன்னும் "உக்காருங்க" என்று சொல்லவில்லை.