பதினேழாம் துளை

நம்பாதவர்கள் இத்துடன் பக்கத்தைப் புரட்டிவிடலாம். எனக்குக் கோபமில்லை, என் கணவரே நம்பவில்லை. ஆனால் நேரத்தைக் குறித்து வைப்பது என் பிழைப்பு. இதில் வரும் ஒவ்வொரு நேரமும் என் மடிக்கணினியில் பதிவாகி இன்றும் இருக்கிறது.

கம்பாலாவில் ஒரு தேயிலைக் கம்பெனியின் தலைமை அலுவலகம். அதன் நெட்வொர்க்கைப் பராமரிக்கும் வேலையில் நான் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. கட்டடத்தின் நிலவறையில் நெட்வொர்க் ஸ்விட்ச் இருக்கும். நாற்பத்தெட்டுத் துளைகள் கொண்ட இரும்புப் பெட்டி. மேசைத் தொலைபேசிகள், கேமராக்கள், அந்த அறைக் கதவின் பூட்டு, எல்லாவற்றுக்கும் இணையத்தையும் மின்சாரத்தையும் கம்பி வழியே கொடுப்பது அதுதான். ஒரு வாரமாக அது விட்டுவிட்டுச் செத்துக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாதபோது பார்த்துவிடு என்றார்கள்.

காலை 11:05. வாசல் காவலர் ஓசெங் நோட்டை நீட்டினார். பெயரையும் வந்த நேரத்தையும் எழுதினேன்.

"போகும்போது மறக்காம எழுதிட்டுப் போங்க, நியாபோ. எழுதலேன்னா நீங்க உள்ளயே இருக்கீங்கன்னுதான் அர்த்தம்."

"உள்ளயே குடித்தனம் பண்ணவா போறேன், செபோ?" அம்மா, ஐயா என்பதற்கு அங்கே நியாபோ, செபோ.

அவர் சிரிக்கவில்லை. "கதவுக்கு நாற்காலிய முட்டுக் குடுத்துட்டு வேலையப் பாருங்க."

"கதவத் தொறந்து போட்டா ஏசி காத்தெல்லாம் வெளிய போயிரும். பொட்டி சூடாகிச் செத்துட்டா நீங்களா பதில் சொல்வீங்க?"

"பொட்டி செத்தா வேற வாங்கிக்கலாம்."

கிழவருக்கு எதற்கெடுத்தாலும் ஒரு முணுமுணுப்பு என்று நினைத்துக்கொண்டு கீழே இறங்கினேன். எனக்குப் பின்னால் கதவு மூடிக்கொண்டது. டக்.

11:20. மடிக்கணினியைப் பெட்டியோடு இணைத்து, உடல்நிலையைக் கேட்கும் கட்டளைகளை ஒவ்வொன்றாக அடித்தேன். கறுப்புத் திரையில் பதில்கள் வரிவரியாக வந்தன. விசிறி நலம். வெப்பம் நலம். மின்சாரம் கொடுக்கும் பகுதி மட்டும் சந்தேகம். பெட்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளட்டும் என்று அதை அணைத்து எழுப்பினேன். எங்கள் தொழிலில் கத்துக்குட்டிகூடச் செய்யாத தவறு அது. உள்ளே உட்கார்ந்துகொண்டு, கதவைத் திறக்க வேண்டிய பெட்டியையே அணைத்திருந்தேன்.

11:31. சோதனை முடிவு வந்தது. பழுது. பழுது. பழுது. திரை நிறைய அதே சொல்.

கதவைத் திறக்கும் என் அடையாள அட்டையைப் பூட்டில் தேய்த்தேன். சத்தமில்லை. மின்சாரம் இல்லாவிட்டால் பூட்டியே கிடக்கும் வகைப் பூட்டு அது. சுவர்த் தொலைபேசியும் அதே பெட்டியை நம்பியது. நிலவறையில் கைப்பேசிக்குச் சிக்னல் கிடையாது. கை வலிக்கும்வரை இரும்புக் கதவைத் தட்டினேன். மேலே ஓசெங் வானொலியில் பிரசங்கம் கேட்டுக்கொண்டிருப்பார்.

12:10. ஊரில் கரண்ட் போனது. ஏசி நின்றது. ஞாயிறன்று ஜெனரேட்டரை யாரும் தொடமாட்டார்கள். பெட்டிக்குப் பின்னாலிருந்த பேட்டரி 'நாற்பது நிமிடம்' என்று காட்டியது. அது தீர்ந்தால் பெட்டி சாகும். பிறகு திங்கள் காலைதான். அந்த அறையில் காற்று வர ஓட்டை ஒன்றுகூட இல்லை. ஒளிக்க என்ன இருக்கிறது... அழுதேன்.

12:25. முகத்தைத் துடைத்துக்கொண்டு பட்டியலை மறுபடி படித்தேன். நாற்பத்தேழு துளைகள் பழுது. ஒன்று மட்டும் உயிரோடு இருந்தது. பதினேழு. 'கருவி இணைந்துள்ளது, மின்சாரம் பெறுகிறது.'

எட்டிப் பார்த்தேன். பதினேழாம் துளையில் கம்பியே இல்லை. விளக்கு மட்டும் பச்சையாக மினுக்கியது.

அதில் கதவின் கம்பியைச் செருகினால் போதும். ஆனால் அதுவும் பழுதாக இருந்தால் பூட்டு எரிந்துபோகும். கம்பி எவ்வளவு நீளம் என்று சொல்லும் கட்டளை ஒன்று உண்டு. ஒன்றுமில்லாத துளை பூஜ்யம் காட்ட வேண்டும்.

12:28. அடித்தேன். பதினான்கு மீட்டர்.

அறையே ஐந்து மீட்டர்தான். சோதனையில் கோளாறு என்று மறுபடி அடித்தேன்.

12:33. ஒன்பது மீட்டர்.

கம்பி நீளம் குறையாது. குறையவே முடியாது.

12:38. நான்கு மீட்டர்.

அறைக்குள் வந்துவிட்டது...

தரைப் பலகைக்கு அடியில் சர்ர்ர்... என்று ஏதோ இழுபடும் சத்தம். நின்றது. மறுபடி... சர்ர்ர்.

12:43. ஒரு மீட்டர்.

நான் திரும்பவில்லை.

12:47. பூஜ்யம்.

மினுக்கிய விளக்கு நிலையாக எரிந்தது.

என் பிடரியில் ஈரக் காற்று...

பேட்டரி இரண்டு நிமிடம்.

கதவின் கம்பியைப் பிடுங்கினேன். பதினேழில் செருகினேன்.

பீப்.

12:49. அட்டையைத் தேய்த்துவிட்டு ஓடினேன். அந்தக் கதவு ஐந்து நொடியில் தானே மூடிக்கொள்ளும். படி ஏறி முடிக்கும்வரை மூடவில்லை. யாரோ பிடித்துக்கொண்டு நின்றதுபோல. அப்புறம்தான்... டக்.

ஓசெங் என் முகத்தைப் பார்த்துவிட்டு நோட்டை நீட்டினார். போகும் நேரத்தை எழுதினேன்.

மறுநாள் அவரே சொன்னார். "உங்களுக்கு முன்னாடி முகெர்வான்னு ஒரு பையன் இருந்தான். மூணு வருஷம் முன்ன, இதே மாதிரி ஞாயித்துக்கெழமை. எனக்கு அன்னிக்கு லீவு. திங்கக்கெழமை கதவ ஒடைச்சப்போ பொட்டிக்குக் கீழ கெடந்தான். கையில கதவுக் கம்பி."

"ஏன் யாரும் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா வேலைக்கு வந்திருப்பீங்களா?"

அந்தப் பையன் செத்த பிறகு கம்பெனி செய்தது, கதவுக்குப் புதுப் பெயின்ட் அடித்தது ஒன்றுதான். என் வாயில் வந்த வசவை இங்கே எழுத முடியாது.

அன்று மாலை கதவின் கணினிப் பதிவேட்டைத் திறந்தேன். ஞாயிறு 12:49, வெளியேற்றம், என் அட்டை. அதற்குக் கீழே இன்னொரு வரி. 12:49, வெளியேற்றம், அட்டை எண் 0417. முகெர்வா. பின்னோக்கித் தேடினேன். மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஞாயிறு 10:20, உள்ளே வந்த வரி. இடையில் அந்த எண்ணுக்கு ஒன்றுமே இல்லை. அந்த அட்டையை அவன் சட்டைப் பையில் வைத்தே புதைத்ததாக ஓசெங் சொன்னார்.

அந்த அறையில் இப்போது ஒரு தொந்தரவும் இல்லை.

ஆனால் அந்த ஞாயிறு மாலை முதல், என் வீட்டு ரவுட்டரில் கம்பியே இல்லாத நான்காம் துளை பச்சையாக மினுக்குகிறது. அளக்கும் கட்டளை எனக்குத் தெரியும். இன்றுவரை அடித்துப் பார்க்கவில்லை.