டெரிக் துரையின் கேமராவும் சீல் வைத்த பெட்டிகளும்

எக்ஸ்போர்ட் ஆபீசில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் என்னைப் பார்த்தால் ஷிப்பிங் பில்லைப் பற்றியும் பாங்க் கொடுக்கும் எல்.சி.யைப் பற்றியும்தான் கேட்கிறார்கள். அதெல்லாம் கொஞ்ச நாளில் தானாகக் கைக்கு வந்துவிடும். ஒரு பொருள் காணாமல் போனால் யாரைச் சோதிப்பது, எதைச் சோதிப்பது என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்காததால் நானே சொல்கிறேன்.

1. மிஷினோடு வந்தவர்

தொண்ணூறுகளின் தொடக்கம். இராஜபாளையத்தில் பேண்டேஜ் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் நான் எக்ஸ்போர்ட் கிளார்க். டைப்பிங், டெலக்ஸ், டெஸ்பாட்ச் எல்லாம் நான்தான். வெள்ளைக்காரர் யாராவது வந்தால் துபாஷியும் நான்தான். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, வெள்ளைக்காரர் முன்னால் கசங்காத சட்டையோடு நிற்க வேண்டும். இந்த இரண்டும் ஒரே சம்பளத்தில்.

அந்த வருஷம் இங்கிலாந்தில் ஒரு கம்பெனி தன் பேண்டேஜ் ஷெட்டை மூடிவிட்டு, ஆர்டரை எங்களுக்குக் கொடுத்தது. ஆர்டரோடு அந்த ஷெட்டில் ஓடிய ரோலிங் மிஷினும் வந்தது. மிஷினோடு, அதைப் பல வருஷம் ஓட்டிய டெரிக் என்பவரும் வந்தார். ஷெட்டை மூடியதும் மற்ற எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, இவரை மட்டும் சரக்கைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டர் ஆக்கியிருந்தார்கள். தன் வேலையைக் கழற்றிக் கொண்டுவந்து எங்களுக்கு மாட்டிக் கொடுப்பதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. அதைச் சிரித்த முகத்தோடு செய்ய வேண்டும் என்று நாம் எதிர்பார்க்க முடியாது. அவரும் சிரிக்கவில்லை.

ரோலிங் செக்ஷன் பெண்கள் அவரை டெரிக் துரை என்றார்கள். கழுத்தில் எப்போதும் ஒரு கேமரா தொங்கும். மிஷின் இங்கே ஓடுவதைப் படம் பிடித்து, வேலை போன தன் கூட்டாளிகளுக்குக் காட்டப் போகிறேன் என்றார். காட்டி என்ன ஆகப் போகிறது என்று எனக்கு விளங்கவில்லை. கேட்கவும் இல்லை.

2. மத்தியானப் பேச்சு

முதலாளி நல்ல மனிதர், கோபம் வரும்வரை. வந்தால் தமிழை விட்டுவிட்டு வீட்டுப் பாஷையான தெலுங்குக்குப் போய்விடுவார். அவர் ரூமில்தான் டெரிக்குக்கு மத்தியானச் சாப்பாடு. நடுவில் நான், சாப்பிடாமல்.

டெரிக் சொல்வார்: "எங்கள் தெருவில் பாதிப் பேர் உங்கள் பக்கத்து ஆட்கள். அவர்கள் வந்து நைட் ஷிப்டை எடுத்துக்கொண்டார்கள். இப்போது நீங்கள் இங்கே இருந்தபடியே டே ஷிப்டையும் எடுத்துக்கொண்டீர்கள்."

நான் முதலாளியிடம் சொல்வேன்: "அவங்க தெருவுல நம்ம ஆளுக நிறைய இருக்காங்களாம்."

"அப்படியா, சந்தோசம்னு சொல்லு" என்பார் முதலாளி.

ஒருநாள் டெரிக்கின் குரல் உயர்ந்ததில் முதலாளிக்கே விளங்கிவிட்டது. அன்றைக்குக் கோபத்திலும் எனக்காகத் தமிழிலேயே சொன்னார்: "ஷெட்டை மூடச் சொல்லி நாங்களா கடுதாசி போட்டோம்? எம்புட்டுக்கு முடியும்னு கேட்டாங்க, சொன்னேன். இன்னுங் கொறைன்னாங்க, கொறைச்சேன். இவரு ஆளுகளுக்கு வேலையில்லாமப் போனதுல எனக்கு என்ன மிச்சம்? இன்னொருத்தன் இதவிடக் கொறைச்சுச் சொன்னா எனக்கும் இதே கதிதான்னு சொல்லுப்பா கணபதி."

அதை அப்படியே மொழிபெயர்த்தேன். டெரிக் தட்டைப் பார்த்துக்கொண்டே, ரசம் நன்றாக இருக்கிறது என்றார்.

3. கேமரா காணோம்

முதல் லோடு கிளம்ப வேண்டிய நாள். தூத்துக்குடி ஹார்பருக்குப் போக லாரி வாசலில் நிற்கிறது. ஒவ்வொரு பெட்டியையும் டெரிக்கே பார்த்து, தன் கையால் சீல் ஒட்டுகிறார். கடைசிப் பெட்டிக்குச் சீல் வைத்துவிட்டுக் கழுத்தைத் தடவினார். கேமரா இல்லை.

அன்று காலை ரோலிங் செக்ஷனில் எஸ்தர் என்ற பெண் வேலை செய்வதைப் படம் எடுத்துவிட்டு, மிஷினில் ஏதோ முடுக்குவதற்காகக் கேமராவை அவள் மேஜையில் வைத்தாராம். எஸ்தர் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி, நான் வரும் பஸ்ஸில்தான் வருவாள். வீட்டுக்காரர் கேரளாப் பக்கம் வேலைக்குப் போய்த் திரும்பவில்லை. இரண்டு பெண்பிள்ளைகள். குவைத்தில் ஆஸ்பத்திரி ஆயா வேலைக்கு மதுரையில் ஒரு ஏஜெண்டிடம் சொல்லி வைத்து, பாஸ்போர்ட்டுக்கும் போட்டிருந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனிலிருந்து போலீஸ் ரிப்போர்ட் போக வேண்டியது ஒன்றுதான் பாக்கி.

ரோலிங் செக்ஷனில் ஒரு பழக்கம் உண்டு. அங்கே நாள் முழுக்கப் பஞ்சுத் தூசி பறக்கும். அதனால் எதையும் வெறுமனே வைக்க மாட்டார்கள். டிபன் தூக்கு, கைக்கடிகாரம், மாதா படம், முருகன் படம் எல்லாவற்றையும் கழிவு பேண்டேஜ் துணியால் சுற்றித்தான் வைப்பார்கள். அந்தக் கைகளுக்கு எது கிடைத்தாலும் சுற்றத்தான் தெரியும்.

எஸ்தர் மறைக்கவில்லை. "தூசி படுமேன்னு நாந்தான் சுத்தி, ரோல் வைக்கிற ரேக்குல வச்சேன் அண்ணாச்சி. பொறவு பேக்கிங்காரங்க வந்து ரேக்குல இருந்ததெல்லாம் எடுத்துட்டுப் போனாங்க. சுத்தி வச்சா எல்லாம் ஒண்ணுபோலத்தான இருக்கு. பெட்டியப் பிரிச்சுப் பாருங்க."

கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது. பேக்கிங் ஆட்களோ, பெட்டிக்குள் கேமராவை வைக்க எங்களுக்கென்ன பைத்தியமா என்றார்கள்.

பெண்களை வாசலில் வரிசையாக நிற்க வைத்தார்கள். டிபன் தூக்குகளைத் திறந்து காட்டச் சொன்னார்கள். முந்தானையை உதறச் சொன்னார்கள். ஒரு தூக்கில் மீந்த புளிக்குழம்பைக்கூடக் கரண்டியால் கிளறிப் பார்த்தார் வாட்ச்மேன். இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது லாரியில் பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன.

"பெட்டியை ஏம் பிரிக்க மாட்டேங்கிறீங்க?" என்று எஸ்தர் கேட்டாள்.

முதலாளி சொன்னார்: "சீல் வச்சாச்சு தாயீ. பிரிச்சா திரும்பப் பார்க்கணும், திரும்ப ஒட்டணும். கப்பல் போயிரும்."

டெரிக்கைக் கேட்டேன். "நான் பார்த்து வைத்த சீல். என் பெட்டியில் பேண்டேஜைத் தவிர வேறு எதுவும் இருக்காது" என்றார். அவரிடம் மிச்சமிருந்தது அந்தச் சீல் ஒன்றுதான் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

யாரோ பாஸ்போர்ட் விஷயத்தை டெரிக்கிடம் சொல்லிவிட்டார்கள். "அப்படியா, இந்தப் பெண் வெளிநாடு போகப் போகிறாளா? அப்படியானால் எடுக்கக் காரணம் இருக்கிறது" என்றார். அதை எஸ்தரிடம் நான் தமிழில் சொல்லவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

"அவியகிட்டக் கேளுங்க அண்ணாச்சி. அவிய வேலை இங்க வரலாம். அவிய மிஷின் வரலாம். அவியளும் வரலாம். இங்க சுத்துன துணி அவிய ஊருக்குப் போவலாம். நான் மட்டும் எங்கயும் போவக் கூடாதா?"

மொழிபெயர்ப்பில் நான் எப்போதும் கோபத்தைக் குறைத்துத்தான் சொல்வேன். அன்றைக்குக் குறைக்கவில்லை. டெரிக் சிவந்துபோய், "அதை நானா முடிவு செய்கிறேன்?" என்றார். முதலாளி மத்தியானச் சாப்பாட்டில் சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான்.

லாரி கிளம்பிவிட்டது.

4. ஒரு பேரு வேணும்

டெரிக்குக்கு இன்சூரன்ஸ் இருந்தது. அது கிடைக்கப் போலீஸ் கொடுக்கும் காகிதம் வேண்டும். அவரை இராஜபாளையம் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனேன். புகாரில், யார் எடுத்தது என்று தெரியவில்லை என்றுதான் நான் டைப் அடித்திருந்தேன்.

ஸ்டேஷன் ரைட்டர் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "சந்தேகம் யார் மேலன்னு ஒரு பேரு வேணும் சார். பேரு இல்லாமப் போனா எஸ்.ஐ. என்னைய ஏசுவாரு. கடைசியா யாரு கையில இருந்துச்சு?"

கூட வந்திருந்த மேனேஜர் பேரைச் சொல்லிவிட்டார். ரைட்டர் எழுதிக்கொண்டார். என் கையால் எழுதவில்லை. அதனால் எஸ்தருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

கையெழுத்துப் போடும் முன் டெரிக்கிடம் சொன்னேன். இதில் பேர் ஏறினால் அவளுக்குப் பாஸ்போர்ட் வராது என்றேன்.

"எங்கள் ஊரில் ஏற்கெனவே கூட்டம் அதிகம்" என்றார்.

"அவள் உங்கள் ஊருக்கு வரவில்லை. குவைத்துக்குப் போகிறாள்."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு மட்டும் அவருக்கு ஆட்டோவில் உட்கார இடம் ஒதுக்கிக் கொடுக்கவில்லை. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கியபடி வந்தார். கவனித்ததாகத் தெரியவில்லை.

எஸ்தரை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு விசாரித்து அனுப்பினார்கள். கேஸ் முடியட்டும் என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ரிப்போர்ட்டை நிறுத்தி வைத்தார்கள். முதலாளியும் அதே வார்த்தையைச் சொல்லி வேலைக்கு வர வேண்டாம் என்றார். அவள் செண்பகத்தோப்புப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்குக் கூலிக்குப் போனாள். மதுரை ஏஜெண்ட் அவள் இடத்தில் வேறொரு பெண்ணை ஏற்றி அனுப்பிவிட்டான். ஒருநாள் பஸ்ஸில் என்னைப் பார்த்து அந்தச் செய்தியைச் சொன்னபோது அவள் அழவில்லை. நான்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

5. இங்கிலாந்திலிருந்து ஒரு போன்

மழைக்காலம் முடியும் சமயம், ஊருக்குத் திரும்பிவிட்ட டெரிக்கின் போன் வந்தது. வழக்கமாக ரோலின் நீளம் குறைகிறது, ஓரம் பிசிறுகிறது என்று ஆரம்பிப்பார். அன்று அதெல்லாம் கேட்கவில்லை.

"அது இங்கே இருக்கிறது" என்றார்.

முதல் லோடில் ஒரு பெட்டியின் அடியில், ரோல்களுக்கு நடுவே, துணியில் சுற்றி இருந்ததாம். ஒரு தூசி படவில்லையாம்.

"ஸ்டேஷனுக்கு ஒரு வரி எழுதுங்கள்" என்றேன்.

"எழுதினால் இன்சூரன்ஸ்காரர்களுக்குத் தெரியும். கம்பெனிக்கும் தெரியும். பெட்டிக்குள் கேமரா இருப்பதைக்கூடப் பார்க்காமல் சீல் வைத்தவனை இன்ஸ்பெக்டராக வைத்திருப்பார்களா?" என்றார். பிறகு என்னிடமே கேட்டார், "நான் என்ன செய்வது?"

என்ன செய்ய வேண்டும் என்று சொல்லியாகிவிட்டது என்று கூறி போனை வைத்தேன்.

அவர் எழுதவில்லை. அதற்குப் பதிலாக ஒரு காரியம் செய்தார். கேமராவைப் பார்சல் கட்டி, எஸ்தர் பேருக்கு, எங்கள் கம்பெனி விலாசத்துக்கு அன்பளிப்பு என்று போட்டு அனுப்பிவிட்டார். அவர் நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார். ஆனால் திருடியதாகப் பேர் எழுதிய கேமராவை, பேர் எழுதப்பட்டவளிடமே கொண்டுவந்து சேர்ப்பதற்கு வேறு யாருக்கும் தோன்றியிருக்காது.

பார்சல் என் மேஜைக்குத்தான் வந்தது. எஸ்தரைக் கூப்பிட்டு அனுப்பி, இதை வீட்டுக்குக் கொண்டு போனால் வம்பு என்று சொன்னேன்.

அவள் பார்சலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பிரித்தாள். உள்ளே கேமராவைச் சுற்றி அவள் சுற்றிய அதே துணி இருந்தது. "முடிச்சக்கூட மாத்தல" என்றாள். அப்புறம், "வாங்க அண்ணாச்சி, ஸ்டேஷனுக்குப் போவோம்" என்றாள்.

ரைட்டர் மேஜையில் பார்சலை வைத்தாள். "ஐயா, நான் எடுத்ததா எழுதுனீங்களே, அந்தக் கேமரா இதுதான். இங்கிலாந்துக்குப் போயிட்டு வந்திருக்கு. எனக்குப் பாஸ்போர்ட் இல்ல. இது எப்படிப் போச்சுன்னு நீங்களே எழுதிக்கோங்க."

ரைட்டர் இங்கிலாந்துத் தபால் முத்திரையைப் பார்த்தார். அனுப்பியவர் பேரைப் பார்த்தார். புகார் கொடுத்தவரும் அவரே என்பதைப் பார்த்தார். எஸ்.ஐ. வந்தார். அவரும் பார்த்தார். "என்னங்கடா இது" என்றார். அதற்கு மேல் அந்தக் கேஸில் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

கேஸை முடித்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ரிப்போர்ட் போனது. கேமராவை மட்டும் கேஸைச் சேர்ந்த தொண்டிப் பொருள் என்று சொல்லி ஸ்டேஷனில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அது திரும்பி வரவில்லை. கடல் தாண்டிப் போய் வந்த பொருள், ஸ்டேஷன் வாசலைத் தாண்ட முடியவில்லை.

முதலாளி எஸ்தரிடம் மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. மறுபடி வேலைக்கு வரச் சொல்லி, டெரிக் ஓட்டிய மிஷினில் அவளை உட்கார வைத்தார். டெரிக்குக்கு இது தெரியுமா என்று தெரியாது. அடுத்த வருஷம் அவருக்குப் பதில் வேறொரு இன்ஸ்பெக்டர் வந்தார்.

6. லீவில் வந்தவள்

பாஸ்போர்ட் வந்தபின் எஸ்தர் வேறொரு ஏஜெண்ட் மூலம் சவூதியில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனாள். முதல் லீவில் வந்தபோது ஆபீசுக்கு வந்து, என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தாள். அதற்கு முன் அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை.

"அங்க ஸ்டோர்ல என்னைப் போட்டிருக்காக அண்ணாச்சி. ஒருநா பேண்டேஜ் பெட்டி வந்துச்சு. மேல டெரிக் துரை கம்பெனி பேரு. உள்ள பார்த்தா நம்ம சுத்து. நம்ம செக்ஷன் மடிப்பு எனக்குத் தெரியாதா? நான் போய்ச் சேர எம்புட்டுக் கஷ்டப்பட்டேன். அது எனக்கு முன்னாலயே அங்க போய் நிக்குது."

"சீல் இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"இருந்துச்சு. நாந்தான் பிரிச்சேன். அங்க அதான் என் வேலை." அவள் கொஞ்சம் சிரித்தாள். "பிரிச்சதும் மொதல்ல அடியில கைய விட்டுப் பார்த்தேன்."

"என்ன இருந்துச்சு?"

"ஒண்ணுமில்ல. பேண்டேஜ்தான்."

பிள்ளைகளே, நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். பொருள் தொலைந்தால் முதலில் பெட்டியைப் பிரியுங்கள். சீல் போனால் இன்னொன்று ஒட்டலாம், கப்பல் போனால் அடுத்தது வரும். ஆளைப் பிரித்துப் பார்த்துவிட்டால் திரும்ப ஒட்ட முடியாது.