தாமோதரன் சாரின் நாற்பது நிமிடம்

செவ்வாய்க்கிழமை காலை நூலகத்துக் கதவைத் திறந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. பேசியவர் தாமோதரன் சாரின் மைத்துனர் முனிரத்தினம். "மேடம், பாவா போய்ட்டாரு. விடியக்காத்தால நெஞ்சு வலிக்குதுன்னாரு. வண்டி வர்றதுக்குள்ள முடிஞ்சிட்சி" என்றார். "எந்த பாவா?" என்று கேட்டேன். தெரிந்தேதான் கேட்டேன். அவர் பெயரைச் சொன்னார். சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

திருத்தணியில் எங்கள் நூலகத்துக்கு வந்து போனவர்களுக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பதினாறு வருடம் எனக்குப் பக்கத்து மேசையில் இருந்த நூலகர். பீரோவைச் சாத்தினால்கூடச் சத்தம் வராமல் சாத்துவார். இத்தனைக்கும் அம்மையார்குப்பத்தில் விசைத்தறி வீட்டில் பிறந்தவர். "தறி ஓடுனா தூங்குவனாம், கரண்ட் போனா முழிச்சிக்கினு அழுவனாம். எங்க நைனா சொல்லுவாரு" என்பார்.

நூலகத்துச் சுவரை ஒட்டிக் கல்யாண மண்டபம். முகூர்த்த நாளென்றால் எங்கள் சன்னல் கண்ணாடி அதிரும். பள்ளிப்பட்டிலிருந்தும் அரக்கோணத்திலிருந்தும் ரயில்வே பரீட்சைக்குப் படிக்க வருகிறவர்கள் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மண்டபத்தில் போய் இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். "கல்யாண வூட்ல மேளம் அடிக்காம இன்னா மேடம் செய்றது?" என்று கேட்டு, கையில் தாம்பூலப் பையும் கொடுத்தனுப்பினார்கள். செவிடன் காதில் ஊதிய சங்குதான். அவர்கள் செவிடாகவும் இல்லை, அதுதான் எனக்குக் கோபம்.

இரண்டாம் முறை சொல்லிவிட்டு வந்த வாரத்தில் ஒரு நாள், வாசிப்புக் கூடத்தில் டியூப்லைட் சோக்கு உம்மென்று இரைவதுபோல் கேட்டது. எழுந்து போய் அணைத்தேன். இரைச்சல் நிற்கவில்லை. அடுத்ததை அணைத்தேன். மூன்றாவதையும் அணைத்தபோது சார் என் பக்கத்தில் வந்து நின்று, தாழ்ந்த குரலில், "அது நான்தாம்மா" என்றார்.

அலமாரிக்குப் பின்னால் கையடக்கமான ஒரு ஸ்பீக்கரை வைத்திருந்தார். தானே பதிவு செய்தது. பழைய ஆர்மோனியத்தில் ஒரே ஒரு கட்டையை அழுத்தி இழுத்த சுரம். வெகுநேரம் கழித்து, கேட்டும் கேட்காமலும் இன்னொரு சுரம் வந்து சேரும். அடியில் அவர் வீட்டுத் தறியின் சத்தம். கணினியில் அதன் வேகத்தைக் குறைத்துக் குறைத்து, ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் நாம் இரண்டு முறை மூச்சு விடலாம் என்கிற அளவுக்குக் கொண்டுவந்திருந்தார். மொத்தம் நாற்பது நிமிடம். பாட்டு இல்லை, தாளம் இல்லை, கைதட்ட ஓர் இடமும் இல்லை. "சார், இது எப்ப ஆரம்பிக்கும்?" என்று கேட்டேன். "ஆரம்பிச்சிப் பத்து நிமிஷம் ஆவுதும்மா" என்றார்.

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். ஆனால் அடுத்த முகூர்த்தத்தன்று மண்டபத்தில் செண்டை மேளம் முழங்கியபோது, கூடத்தில் ஒருவரும் எழுந்து போகவில்லை. பஞ்சை எடுத்து மேசையில் வைத்திருந்தார்கள். "சத்தத்த நம்மால நிறுத்த முடியாதும்மா. காதுக்கு உக்கார ஓர் எடம் குடுக்கலாம், அவ்ளோதான்" என்று சொன்னார். மதியத்தில் ஓர் ஆட்டோக்காரர் செய்தித்தாளை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்குவார். எழுப்பப் போன என்னைச் சார் தடுத்து, "வுடுங்க. படிக்கிறவனுக்கும் தூங்கறவனுக்கும் வேண்டியது ஒண்ணுதான்" என்றார்.

வீட்டில் இதற்கு மதிப்பில்லை. அவர் மனைவி ரேணுகா, "ராத்திரி பகல்னு இல்லாம பம்பு செட்டு ஓட்டிக்கினு இருக்காரு அக்கா" என்று என்னிடம் புகார் சொல்வார். சார் அதை இணையத்திலும் ஏற்றியிருந்தார். பதினோரு தடவை கேட்கப்பட்டதாகக் காட்டியது. "அதுல ஏழு தடவ நான்தாம்மா" என்றார்.

போன ஆடிக் கிருத்திகைக்கு முந்தின வாரம். தெருவில் ஒரு சவ ஊர்வலம், மேளமும் வெடியுமாகப் போய்க்கொண்டிருந்தது. சார் சன்னலில் நின்று பார்த்துவிட்டு வந்தார். "கோமதிம்மா, நான் போனா மேளம் வேணாம். அந்த நாப்பது நிமிஷத்த முழுசா ஒரு தடவ போட்டு வுடுங்க. எங்க வூட்ல சொன்னா சிரிப்பாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க" என்றார். நான் புத்தகங்களுக்குத் தேதி முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். தலையைக்கூட நிமிர்த்தாமல், "ஆங் சார், சரி சார்" என்றேன். வாக்குக் கொடுத்தது அவ்வளவு சுலபமாக இருந்தது.

அம்மையார்குப்பத்தில் ஒரு வழக்கம். தெருவில் சாவு விழுந்தால், உடலை எடுக்கும்வரை எந்த வீட்டிலும் தறி ஓடாது. நான் போய் இறங்கியபோது தெருவே அப்படி ஓர் அமைதியில் இருந்தது. இதுதான் சமயம் என்று நினைத்தேன். முனிரத்தினத்தைத் தனியாக அழைத்துச் சாரின் ஆசையைச் சொன்னேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மேளக்காரங்களுக்குச் சொல்லியாச்சி மேடம். வேணாம்னா ஊர்ல இன்னா நெனப்பாங்க? அவங்க வர்ற வரைக்கும் நீங்க போட்டுக்குங்க" என்றார். அதுவே பெரிது என்று என் போனை மைக் செட்டுக்காரரிடம் கொடுத்தேன்.

பந்தல் முழுக்க அந்தச் சுரம் மெல்லப் பரவியது. கண்ணாடிப் பெட்டிக்குள் சார் கிடந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இன்னாப்பா செட்டு உம்முனு கீது?" என்று ஒரு பெரியவர் குரல் கொடுத்தார். செட்டுக்காரர் ஓடிவந்து ஆம்ப்ளிஃபயரைத் தட்டினார். ஒயரைப் பிடுங்கி மறுபடி சொருகினார். உம் போகவில்லை. ஈரமண்ணில் எர்த்துக் கம்பியை இன்னும் ஆழமாக அடித்தார். நான் ஓடிப் போய், "அண்ணா, அதுதான் பாட்டு" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கேலி இல்லை. துக்கத்தில் புத்தி பேதலித்தவளிடம் பேசுவதுபோல இதமாகச் சொன்னார்: "இது பாட்டு இல்லம்மா. எர்த்து இழுக்குது. நான் சரி பண்ணிடறேன்."

அவரிடம் சொல்ல எனக்கு ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது. அந்த உம் எங்கள் சார்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். யாருக்குப் புரியும்? செட்டுக்காரர் என் போனைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு, தன்னுடைய ஒப்பாரிப் பாட்டைப் போட்டார். சாருடையது மூன்று நிமிடம்தான் ஓடியிருந்தது. கொஞ்ச நேரத்தில் மேளக்காரர்கள் வந்துவிட்டார்கள். வெடி வெடித்தது. வாழ்நாளெல்லாம் கதவைச் சத்தமில்லாமல் சாத்தியவரை, ஊரே நடுங்கும்படி எடுத்துப் போனார்கள். அன்புக்குக் குறைவில்லை, அதனால்தான் யாரையும் குறை சொல்ல முடியவில்லை.

ஆண்கள் சுடுகாட்டுக்குப் போக, பெண்கள் வீட்டைக் கழுவினார்கள். நான் தெரு ஓரம் வந்து, போனைக் காதோடு அழுத்தி, முதலிலிருந்து போட்டேன். முழுசா ஒரு தடவ என்று கேட்டிருந்தார். நாலு நிமிடம்கூட ஆகியிருக்காது, எதிர்வீட்டில் ஒரு தறி ஓடத் தொடங்கியது. பிறகு பக்கத்து வீட்டில். பிறகு தெரு முழுவதும். உடல் போய்விட்டதே, பிழைப்பைப் பார்க்க வேண்டும். போனில் ஒன்றும் கேட்கவில்லை. திரையில் நிமிடங்கள் மட்டும் நகர்ந்தன.

தலைக்கு ஊற்றிய ஈரத்தோடு ரேணுகா வந்து நின்றார். நான் என்ன செய்கிறேன் என்று கேட்கவில்லை. "அந்த பம்பு செட்டா?" என்றார். தலையாட்டினேன். "கேக்குதா?"

"இல்ல."

"இன்னும் எவ்ளோ கீது?"

"பதினோரு நிமிஷம்."

ரேணுகா அந்த ஈரச் சேலையோடு என் பக்கத்திலேயே நின்றார். இருவரும் அந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தோம். நாற்பது வந்து நின்றது.

முழுசாக ஓடிவிட்டது, சார். எங்களுக்குத்தான் ஒன்றும் கேட்கவில்லை. போய் வாருங்கள்.