மரைக்காயர் படகேறிய நாள்

போன வாரம் மாடியில் துணி காயப்போட என்று தேங்காய்நார்க் கயிறு வாங்கி வந்தார்கள். மழையில் நனைந்த அதன் வாடை மூக்கில் ஏறியதும், சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ் நினைவுக்கு வந்தது.

ஐம்பதுகளின் தொடக்கம். ராயபுரத்தில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்டாகச் சேர்ந்திருந்தேன். என் விரல்களைவிட என் ரப்பர்தான் வேகமாக ஓடும். ஆபீஸ் இருந்தது மரைக்காயர் பங்களாவின் கீழ்க்கட்டில். பின்புறக் கிடங்கில் பழைய மசூலா படகு ஒன்று மட்கிக்கொண்டிருந்தது. ஆணியே இல்லாமல் பலகைகளை நார்க்கயிற்றால் தைத்த படகு. மழை பெய்தால் அந்த வாடை என் மேசைவரை வரும்.

மாடியில் மரைக்காயரின் பேத்தி ஆமினா பீவி இருந்தார். அறுபதை நெருங்கியவர், கணவர் காலமாகிவிட்டார். சாயங்காலம் என்னை மேலே கூப்பிட்டு இஞ்சி டீ கொடுப்பார். ‘எங்க அப்பா, எங்க அப்பா’ என்று அவர் சொன்னதையெல்லாம் ஒரு மாதம்வரை தகப்பனார் கதை என்றே கேட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் வீட்டில் தகப்பனார் வாப்பா, தாத்தாதான் அப்பா.

அந்த அப்பா, தலைமுறை தலைமுறையாகக் கப்பல் விட்ட குடும்பத்தில் பிறந்தவர். அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும். தோலும் அவுரியும் அலையைத் தாண்டி மசூலா படகில்தான் போகவேண்டும். பினாங்கிலும் ரங்கூனிலும் அவருக்குச் சரக்குக் கிட்டங்கிகள். வீட்டில் கல்யாணம் என்றால் கடலில் நிற்கும் அவர் கப்பல்களிலும் விளக்கேற்றுவார்களாம். முடியாது என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை, அந்தோணித் தண்டல் சொல்லும்வரை.

தண்டல் என்றால் படகாட்களின் தலைவர். ஓர் ஐப்பசியில் கரையில் அபாயக் கொடி ஏறியிருந்தது. சரக்கோடு கப்பல் அன்றே கிளம்பவேண்டும் என்றார் மரைக்காயர். தண்டல் துடுப்பைத் தொடவில்லை.

“கொடி ஏத்திகீறாங்க சாயபு. இன்னிக்கி வாணாம்.”

“பயமா இருந்தா நானே கூட வர்றேன்” என்று சொல்லி, பட்டுத் தலைப்பாகையோடு மரைக்காயர் படகில் ஏறி உட்கார்ந்துவிட்டார். முதலாளியே ஏறிய பிறகு ஆட்கள் எப்படிக் கரையில் நிற்பார்கள்? மூன்றாவது அலையில் படகு கவிழ்ந்தது. கையில் அகப்பட்ட மரைக்காயரைக் கரையில் இழுத்துப் போட்டுவிட்டு, தண்டல் தன் தம்பியைத் தேடித் திரும்ப நீந்தினார். தம்பி கிடைக்கவில்லை.

மூன்றாம் நாள் மரைக்காயர் சாரட்டில் ஏறாமல் நடந்தே அந்தத் தம்பியின் குடிசைக்குப் போனார். சொல்ல நினைத்து வைத்திருந்ததெல்லாம் வாசலிலேயே மறந்துவிட்டதாம். செத்தவரின் மனைவி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டாள்:

“ஒன் மூட்டைங்க எல்லாம் கரைக்கு வந்துச்சே சாயபு. எங்க ஆளு வர்லியே.”

கரையொதுங்கிய அந்த மூட்டைகளை அவர் கப்பலேற்றவே இல்லை. படகு போகலாமா கூடாதா என்பதை அன்றிலிருந்து தண்டல்தான் முடிவு செய்தார். கிடங்குக்குக் கிழக்கே, கடலைப் பார்த்திருந்த துண்டு நிலத்தைப் படகாட்களின் குடும்பங்களுக்கு மரைக்காயர் விட்டுக்கொடுத்தார். எல்லாம் வாய்ச்சொல்தான், எழுதிவைக்கவில்லை.

எழுபது வருஷம் கழித்து, பீவியின் தம்பி பங்களாவை விற்கப் போனபோது அதுவே சிக்கலாகிவிட்டது. வாங்குகிறவர்களுக்குக் காலி மனை வேண்டும். அங்கேயோ பன்னிரண்டு வீடுகள். காலி செய்யச் சொல்லும் நோட்டீஸை நான்தான் டைப் அடித்தேன். அக்காவும் கையெழுத்துப் போடவேண்டும் என்று மேலே கொண்டுபோனேன். பீவி படிக்கச் சொன்னார். ‘அனுமதியின்றிக் குடியேறியவர்கள்’ என்ற இடம் வந்தபோது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவர் பேனாவைத் தொடவில்லை.

தம்பி கோபப்படவில்லை. அப்பா கொடுத்தார் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதமாவது உண்டா என்று நிதானமாகக் கேட்டார்.

“காகிதம் இல்லப்பா. அப்பா வாயால கேட்ட நான் இருக்கேன். கோர்ட்டுக்கு வந்து சொல்றேன்.”

அந்நிய ஆண்கள் முன்னால் வாய் திறந்தறியாதவர் அவர். அக்காவைக் கூண்டில் ஏற்றியவன் என்ற பேச்சுக்குத் தம்பி பயந்தாரோ, அவருக்கும் அப்பாவின் நினைவு வந்ததோ, அந்த வாரமே நிலத்தைப் பிரித்துப் பன்னிரண்டு குடும்பங்களுக்கும் எழுதிக்கொடுக்கச் சம்மதித்தார். பத்திரத்தையும் நான்தான் அடித்தேன். என் உத்தியோகத்தில் பிழையே இல்லாமல் அடித்த ஒரே காகிதம் அதுதான்.

பங்களா கைமாறியது. பீவி வண்ணாரப்பேட்டையில் சின்ன வாடகை வீட்டுக்குப் போனார். அந்தப் பன்னிரண்டு வீட்டுப் பெண்கள் அவருடைய பெட்டிகளைத் தலையில் சுமந்து தெருக்கோடிவரை கூடவே நடந்தார்கள். பர்தாவுக்குள் அவர் அழுதாரா, சிரித்தாரா, எனக்குத் தெரியாது.

துறைமுகச் சுவர் நீள நீள, கடல் வடக்குக் கரையை அரித்துக்கொண்டே வந்தது. வீடுகள் ஒவ்வொன்றாக இடிந்தன. பிறகு கிடங்கும் போயிற்று. பங்களா இருந்த இடத்தில் கருங்கல் கொட்டி ரோடு போட்டுவிட்டார்கள். கண்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. சில வருஷங்களுக்கு முன் எண்ணூரில் தண்டலின் கொள்ளுப்பேரனைப் பார்த்தேன். அந்த இடத்தைக் கொடுத்தது யார் தெரியுமா என்று கேட்டேன்.

“யாரோ ஒரு சாயபும்மா, பேரு தெர்ல. பத்திரம் மட்டும் வூட்ல கீது.”

அந்தப் பத்திரத்தின் நான்கு எல்லைகளும் எனக்கு இன்னும் மனப்பாடம். மேற்கே மரைக்காயர் கிடங்கு, வடக்கே படகுத்துறை, தெற்கே வண்டிப்பாதை, கிழக்கே கடல். இப்போது நான்கு பக்கமும் கடல்.