கத்தக் கூச்சப்பட்ட பத்து நிமிடங்கள்

ஈஸ்ட் டாமாக்கி என்ற புறநகரில் உள்ள ஓர் உணவுத் தொழிற்சாலையில் தொழில்நுட்பவியலாளராகச் சேர்ந்த முதல் வாரம். மேலாளர் கொலின், பொறியாளர் ஜேனட் இருவருடனும் உறைகுளிர் அறையைப் பரிசோதிக்கப் போனேன். கதவு பின்னால் மூடிக்கொண்டது. உள்பக்கக் கைப்பிடி அசையவில்லை.

“யாராவது வருவார்கள். கத்தி ஊரைக் கூட்ட வேண்டாம்” என்று கைகட்டி நின்றார் கொலின். அவர் இங்கிலாந்துக்காரர். அந்த அமைதியைப் பார்த்து, ஆபத்தில்லை என்று நம்பினேன். மைனஸ் பதினெட்டு டிகிரி. விரல்கள் மரத்த பிறகும், மேலாளர் முன்னால் கத்தக் கூச்சமாக இருந்தது.

பத்து நிமிடம் கைப்பிடியோடு மல்லுக்கட்டிய கனடாக்காரரான ஜேனட் பொறுமையிழந்தார். “எங்கள் ஊரில் குளிரிடம் யாரும் கௌரவம் பார்ப்பதில்லை, கொலின். ஒட்டி நில்லுங்கள்!” என்று எங்கள் இருவரையும் இழுத்து அணைத்துக்கொண்டு கதவை உதைத்தார். நானும் கத்தினேன்.

உடனே கதவு திறந்தது. வெளியே, பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டும் சிவா அண்ணை.

“ஐயோ பிள்ளை, நான் இவ்வளவு நேரமும் இஞ்சதானே நிண்டனான்! முதலே கத்தியிருக்கலாமே!”

“எனக்கும் பயமாகத்தான் இருந்தது” என்றார் கொலின், மெல்ல.

இப்போதெல்லாம் கைப்பிடியைச் சோதித்து, வெளியே ஒருவரிடம் சொல்லிவிட்டே உள்ளே போகிறேன். கதவு சிக்கினால், பக்கத்தில் யார் நின்றாலும், முதல் நிமிடமே கத்துவேன்.