துணைவேந்தர் திருப்பி அனுப்பிய பல்கலைக்கழகங்கள்

சாப்பாட்டு டப்பாவை மூடிய கையோடு துணைவேந்தர் ஒரு பல்கலைக்கழகத்தை நிராகரிப்பார். கைப்பேசியை மூக்குக்கு நாலு விரல் தள்ளிப் பிடித்துக்கொண்டு, கடல் கடந்த ஏதோ ஒரு நாட்டின் தொலைதூரக் கல்வி விதிமுறைகளை ஒரு வரி விடாமல் படிப்பார். பதினான்காம் பக்கத்தில் எப்படியும் ஒரு குறை அகப்பட்டுவிடும். அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், லாட்டரி விழுந்தவர் தோற்றுப்போவார். "பாத்தீங்களா சார், படிப்பு இலவசம்னு போட்டுட்டுப் பரீட்சைக்குத் தனியா பணம் கட்டணுமாம். யார்கிட்ட?" என்பார். பிறகு பச்சை அட்டை நோட்டில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயருக்கு எதிரே 'ரிட்டர்ன்' என்று எழுதுவார்.

துணைவேந்தர் என்பது நாங்கள் வைத்த பெயர். அவர் பேருந்துப் பணிமனையின் உதிரிபாக ஸ்டோரில் எழுத்தர். நான் பக்கத்து மேஜை, டயர் பிரிவு. இருபத்திரண்டு வருடமாக போல்ட், பெல்ட், பிரேக் லைனிங் எல்லாம் அவர் கை வழியாகத்தான் உள்ளே வருகின்றன. பெட்டியில் நூறு இருந்தால் நூறையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். ஒன்றில் மயிரிழை விரிசல் இருந்தாலும் பெட்டியே திரும்பிப் போகும். பயணிகளின் உயிர் அதில் இருப்பதால் அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பிரேக் லைனிங்கைப் பார்க்கிற கண்ணால் பல்கலைக்கழகத்தையும் பார்த்தால் மனுஷன் உருப்படுவது எப்போது?

நோட்டில் இதுவரை அறுபத்து மூன்று பெயர்கள். ஒரு நாட்டில் கட்டணமே கிடையாது, ஆனால் அவர்கள் மொழி தெரிய வேண்டும். மூன்று மாதம் முட்டி மோதி, வணக்கம் சொல்லவும் குடிக்கத் தண்ணீர் கேட்கவும் கற்றுக்கொண்டு, அதோடு கைகழுவினார். இன்னொன்றில் முப்பத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும் இலவசம். அதைக் கண்டுபிடித்தபோது அவருக்கு முப்பத்து நான்கு. தீர விசாரித்து முடிப்பதற்குள் முப்பத்தாறு ஆகிவிட்டது. வேறொன்றில் சரக்கு மேலாண்மைப் பாடங்கள் முழுக்க இலவசம் என்பதால் மூன்று வருடப் பாடத்தையும் உட்கார்ந்து படித்துத் தீர்த்தார். தேர்வுக்கு மட்டும் கட்டணம் என்று போட்டிருந்ததால் எழுதவில்லை. கொள்கையாம், மண்ணாங்கட்டி.

இவர் 'ரிட்டர்ன்' போட்ட ஒன்றிலேயே கேன்டீன்காரரின் மகள் சேர்ந்து, பட்டம் வாங்கி, வேலைக்கும் போய்விட்டாள். அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரை முதலில் இவர் வாயால் கேட்டவள் என்பதால் நன்றி சொல்ல ஸ்டோருக்கு வந்தாள். துணைவேந்தர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அவசரப்பட்டுட்டியேம்மா" என்றார்.

இந்த வருடம் ஸ்டோர் சூப்பிரண்டென்ட் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலி நியாயமாக இவருக்குத்தான். ஆனால் அதில் உட்கார ஏதாவது ஒரு பட்டம் வேண்டும் என்பது விதி. இல்லாவிட்டால் நேற்று முளைத்த ஒருவர் வெளியிலிருந்து வந்து உட்காருவார், இவர் ஓய்வு பெறும்வரை அவருக்கு 'வணக்கம் சார்' சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான். மூன்று வருடப் பாடத்தைப் படித்து முடித்த அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரே ஒரு பொதுத் தேர்வு எழுதினால் பட்டம் கைக்கு வந்துவிடும் என்று நானும் தலையில் அடித்துக்கொண்டு சொல்லிப் பார்த்தேன். கடைசியில் தையல் கடைக்கு வேலைக்குப் போகும் அவர் மனைவி, இவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தேர்வுக் கட்டணத்தைக் கட்டிவிட்டார். மறுநாள் துணைவேந்தர் ஸ்டோருக்கு இழவு வீட்டுக்குப் போய் வந்தவர் போல வந்து உட்கார்ந்தார்.

தேர்வு ஞாயிற்றுக்கிழமை காலை. வீட்டிலேயே, அறையில் தனியாக, கேமரா முன்னால் எழுத வேண்டும். மடிக்கணினி என்னுடையது என்பதால் நானும் போயிருந்தேன். பிள்ளைகளை அந்த அம்மா தங்கை வீட்டுக்கு அனுப்பியிருந்தார். மூன்று மணி நேரம் குழாயடியில் சத்தம் வரக் கூடாது என்று கீழ்வீட்டில் கெஞ்சிக் கேட்டு வைத்திருந்தார். துணைவேந்தர் தேய்த்த சட்டையோடு உள்ளே போனார். கதவைச் சாத்திவிட்டு நாங்கள் இருவரும் மாடிப்படியில் உட்கார்ந்தோம். "நல்லாப் படிச்சிருக்காரு அண்ணே, பாஸாயிடுவாரு" என்று அந்த அம்மா மெதுவாகச் சொன்னார்.

இருபதாவது நிமிடம் கதவு திறந்தது.

"வேண்டாம்னு மூடிட்டேன்" என்றார் துணைவேந்தர். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"கேள்வி தெரியலையா?" என்று மனைவி கேட்டார்.

"தெரியாம என்ன? ரொம்ப சாதாரணக் கேள்வி. இப்படிக் கேட்டுக் குடுக்கற பட்டத்தை எவன் மதிப்பான்? அடுத்த வருஷம் ஒண்ணு வருது. முழு இலவசம். பரீட்சையே கிடையாது."

"அடுத்த வருஷம் அந்த நாற்காலியில வேற ஆள் உக்காந்திருப்பான்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, படியிறங்கிப் போனார். பிள்ளைகளை அழைத்துவரப் போகிறார் போலிருந்தது. எனக்கு அந்த ஆளை ஓங்கி ஓர் அறை விடலாம் என்று வந்தது.

மடிக்கணினியை எடுக்க உள்ளே போனேன். தேர்விலிருந்து வெளியேறிவிட்டீர்கள், விடையளித்த கேள்விகள் பூஜ்யம் என்று திரையில் எழுதியிருந்தது. பக்கத்தில், குறிப்பெழுத அனுமதித்த ஒற்றை வெள்ளைத்தாள். அதில் முதல் கேள்வியை அப்படியே பார்த்து எழுதியிருந்தார்: வந்த சரக்கில் குறை இருந்தால் கிடங்கு அலுவலர் செய்ய வேண்டியவை யாவை? அதன் கீழே அவருடைய குண்டு குண்டான கையெழுத்தில் பக்கம் நிறைய விடை. இருபத்திரண்டு வருடமாக அவர் தினமும் செய்கிற வேலை அது. வரி வரியாகப் படித்தேன். ஒரு தப்பு இல்லை.

"இதை ஏன் சார் கம்ப்யூட்டர்ல ஏத்தல?" என்று கேட்டேன்.

அவர் என் கையிலிருந்து தாளை வாங்கினார். மனைவி திரும்பி வருகிறாரா என்று வாசல் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு அதை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்து, வெளியே துருத்திக்கொண்டிருந்த முனையை விரலால் உள்ளே தள்ளிவிட்டார்.