அங்கி கொடுக்கும் முன் கேட்கச் சொன்ன கேள்வி

மத்திகிரிப் பக்கம் ஒரு கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் பல வருஷம் சக்ரீஸ்து வேலை பார்த்தேன். பீடத்துக்குப் பின்னால் இருக்கும் அறைதான் சக்ரீஸ்து. சாமியாருக்குத் திருவுடை எடுத்து வைப்பது, அப்பமும் திராட்சை ரசமும் தயார் செய்வது, பூசைக்கு உதவும் பிள்ளைகளுக்கு அங்கி கொடுப்பது என் பொறுப்பு. முந்தைய பங்குச்சாமி காலத்திலேயே பெண் பிள்ளைகளும் பீடத்தில் உதவ ஆரம்பித்துவிட்டார்கள்.

புதிய சாமி வந்த சில மாதங்களில் ஒரு ஞாயிறு, பூசைக்கு முன் என்னைக் கூப்பிட்டார். பக்கத்தில் பங்குப் பேரவை உறுப்பினர் ஆரோக்கியசாமி நின்றார். மூக்கண்டப்பள்ளிக் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"மேரிம்மா, இனிமே பொண்ணுங்களுக்கு அங்கி குடுக்கறதுக்கு முன்னாடி, ‘அந்த நாளா’ன்னு ஒரு வார்த்த கேட்டுருங்க. ஆமான்னா கீழ பெஞ்சுல உக்காரட்டும்."

அங்கி அலமாரிப் பக்கம், பூசைக்கு உதவ வந்த ஷாலினி அப்போதுதான் என்னிடம் வாங்கிய அங்கியோடு நின்றிருந்தாள். ஒன்பதாம் வகுப்பு. வீட்டில் கன்னடம் பேசுகிற பிள்ளை, தமிழ்ப் பூசை முழுவதும் அவளுக்கு மனப்பாடம். அவள் தலை கவிழ்ந்தது.

"நா கேக்க மாட்டேன் சாமி."

"பேரவைல பேச்சு வந்திருக்குதும்மா. எல்லாரையும் அனுசரிச்சுத்தான போவணும்?"

ஆரோக்கியசாமி குறுக்கே வந்தார். "பீடம்னா ஒரு சுத்தம் வேணுமில்லீங்களா? பொண்ணுங்க நிக்கறதால பையனுங்களும் வர மாட்டேங்கறானுங்க."

பையன்கள் வராததற்குக் காரணம் ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் என்று ஊருக்கே தெரியும்.

"அண்ணா, சனிக்கிழம பீடத்து மேல ஏறித் தூசு தட்டறது யாரு? பீடத்துணி தோய்க்கறது யாரு? நாங்க பொம்பளங்கதான். என்னிக்காவது நாள் பாத்து வரச் சொன்னீங்களா? வேலன்னா சுத்தம், அங்கி போட்டு நின்னா தீட்டா?"

சாமியின் முகம் சிவந்தது. "சத்தம் போடாதீங்க. இன்னிக்குப் பையனுங்க மட்டும் போதும். உங்களுக்குச் சரிப்படலன்னா நா வேற ஆளப் பாக்கறேன்."

"பாருங்க சாமி. ஆனா புதுசா வர்றவங்களயும் இதக் கேக்கச் சொல்லாதீங்க. கேட்டே ஆவணும்னா நீங்களே கேளுங்க, பிள்ளைங்களோட அம்மாங்கள நிக்க வச்சுக் கேளுங்க."

திரும்பிப் பார்த்தேன். ஷாலினி இல்லை. அங்கி நாற்காலியில் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

பூசை முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போனேன். அம்மா பார்வதிக்குக் கம்பெனியில் அசெம்பிளி லைனில் வேலை. நடந்ததைக் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு, "யாரு அப்படிச் சொன்னது?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த ஞாயிறு நைட் ஷிஃப்ட் முடித்து, கம்பெனி கோட்டைக்கூடக் கழற்றாமல் நேரே சக்ரீஸ்து வாசலில் வந்து நின்றாள். மற்ற பிள்ளைகளின் அம்மாக்களும் கூட வந்தார்கள்.

"சாமி, எம் பொண்ணுகிட்ட ஏதோ கேக்கணும்னீங்களாமே. எங்கிட்ட கேளுங்க."

ஆரோக்கியசாமி வெளியே நழுவினார். சாமி திருவுடையின் கயிற்றை முடிந்துகொண்டே நின்றார்.

"தப்புதாம்மா. நா யோசிக்காம சொல்லிட்டேன். மேரிம்மா, பிள்ளைங்களுக்கு அங்கி குடுங்க."

கொடுத்தேன். மற்றவர்கள் வாங்கிக்கொண்டார்கள். ஷாலினி வரவில்லை. பிறகு ஒரு நாள் பஸ் ஸ்டாப்பில் அவளைப் பார்த்து, திரும்ப உதவ வரச் சொல்லிக் கூப்பிட்டேன்.

"வேணா ஆண்ட்டி. இனிமே நா அங்க நின்னா, எல்லாரும் அதயேதான் நெனச்சுப் பாப்பாங்க."

சாமி மன்னிப்புக் கேட்டார், நல்லதுதான். வேறு ஆளையும் தேடவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை இன்றும் கடைசி வரிசையில் அம்மா பக்கத்தில்தான் உட்காருகிறாள்.

இந்த வேலைக்கு வருகிற பெண்களுக்கு ஒன்று சொல்வேன். பிள்ளைகளின் உயரம் பார்த்து அங்கி கொடுங்கள். அதற்கு மேல் ஒரு பிள்ளையிடம் கேட்க நமக்கு எதுவும் இல்லை. கேட்கச் சொல்கிறவர் யாராக இருந்தாலும், அந்தப் பிள்ளை காதில் விழும்படி அங்கேயே மாட்டேன் என்று சொல்லுங்கள். சொன்னாலும் சில சமயம் பிள்ளை போய்விடும். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆற்றிக்கொள்ளும் எண்ணமும் இல்லை.